கவாத்து முடிஞ்சிருச்சா, பாப்பா?

சத்தமில்லாமல் ஏறி வாருங்கள். படிக்கட்டு குறுகல். பாதி வழியில் தேங்காய் குவித்து வைத்திருக்கிறார்கள், பார்த்துக் கால் வையுங்கள். இரவு மணி பத்தரை. சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திராட்சை விவசாயி ஒருவர் வீட்டு மாடி அறை. எட்டு மாணவிகள், நான்கு பாய், ஒரு மடிக்கணினி, சட்டி நிறைய அவித்த நிலக்கடலை. நடுவில் விரித்துக் கிடக்கிறது 800 சொல்லைத் தாண்டி ஓடுகிற ஒரு கட்டுரை. நாளை மதியத்துக்குள் அது 120 சொல்லாகச் சுருங்கி, மதுரையில் ஒரு நாளிதழின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

எனக்குக் கையெல்லாம் பரபரக்கிறது. காலையில் டீயோடு நாம் ஒரு புரட்டில் கடந்துபோகும் வாசகர் கடிதப் பகுதிக்குப் பின்னால் இப்படி ஓர் அடுப்பங்கரை புகைந்துகொண்டிருக்கிறது என்றால் யாருக்குத்தான் பரபரக்காது!

‘கிராமத் தங்கல் திட்டம்’ என்று உள்ளூர்ச் செய்திப் பக்கங்களில் படித்திருப்பீர்கள். வேளாண்மை, தோட்டக்கலை படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஊரில் தங்கி, விவசாயிகளோடு வயலில் நின்று கற்றுக்கொள்ளும் காலம் அது. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பதால், கையில் நோட்டோடு வரப்பில் நடக்கும் பிள்ளைகள் தேனி மாவட்டத்துக்குப் புதிதில்லை. விதை நேர்த்தி செய்து காட்டுவார்கள், மண் மாதிரி எடுப்பார்கள், பூச்சிக்குப் பொறி கட்டுவார்கள். இந்த எட்டுப் பேரும் அதோடு நிற்கவில்லை. பார்த்ததைப் பத்திரிகைக்கு எழுதுவது என்று தங்களுக்குள் ஒரு முடிவெடுத்தார்கள். உணவு பற்றி, காடு பற்றி, தண்ணீர் பற்றி அரசு போடுகிற விதிகள் அவர்கள் தங்கியிருக்கும் ஊரில் எப்படி வந்து இறங்குகின்றன என்று எழுத வேண்டும். இவ்வளவுதான் திட்டம். நான் அவர்களுக்கு அக்கா. கம்பத்துக்காரி, பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்பதால் கூப்பிட்டார்கள். இந்த இரவும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். விடிந்துவிட்டது.

இந்த இரவுக்கு முன்பே முடிந்த முதல் சண்டை, எதைப் பற்றி எழுதுவது என்பது. அந்தச் சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!

எட்டுப் பேரில் கம்பத்துப் பெண் யானையை விடுவதாக இல்லை. அரிக்கொம்பனைத்தான் சொல்கிறாள். 2023 ஏப்ரல் கடைசியில் மூணாறு பக்கம் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்ட யானை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27 அன்று மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருவுக்குள் வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போட்டார்கள். யானை தள்ளிவிட்டதில் காயம்பட்ட ஒருவர் பிறகு உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மீண்டும் பிடித்து, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள்! “அக்கா, அது பேரே அரிசிக்கா. மலையாளத்துல அரின்னா அரிசி. ரேஷன் கடையை உடைச்சு அரிசி திங்கிற யானை! உணவுக் கொள்கை, காட்டுக் கொள்கை ரெண்டும் ஒரே தும்பிக்கையில வந்து நிக்குது, இதை விட்டுட்டு வேற எதைக்கா எழுதுறது?” அவள் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அருமையான வாக்கியம். ஆனால் ஒட்டன்சத்திரத்துப் பெண் ஒரே கேள்வியில் அதை நிறுத்தினாள்: “நீ என்னடி பார்த்த?” கம்பத்துப் பெண் யோசித்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் மூன்று நாள் இருந்தது, டிவியில் பார்த்தது. அவ்வளவுதான். யானை அன்றைக்குத் தள்ளிப்போனது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் பத்திரமாக இருக்கிறது.

பிளாஸ்டிக் பற்றி எழுதலாம் என்றாள் இன்னொருத்தி. 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது 2019 ஜனவரி 1. ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியது 2021 டிசம்பரில். சுருளி அருவிப் பாதையில் எண்ணிவிட்டு வந்து எழுதுவோம், இப்போது வேண்டாம் என்று எல்லோருமாக ஒத்திவைத்தார்கள்.

அடுத்தது திராட்சை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறையில் இருந்ததிலேயே சின்னவள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற குரல், மதியமே ஒரு தலைப்பு எழுதி வைத்திருந்தாள்: ‘திராட்சைக்கு மருந்தடிப்பதைத் தடை செய்க’. தடை என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. கீழே வீட்டுக்காரர் அதைக் கேட்டார். கோபப்படவில்லை. “வா தாயி, காலையில கலக்கப் போறேன், வந்து பாரு” என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை என்றால் சும்மாவா! 1832 வாக்கில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்பது வரலாறு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மற்ற ஊர்களில் பருவத்துக்கு வருகிற பழம், இங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் பந்தலுக்குக் கீழே ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். அதற்குத்தான் போர்டோ கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற ஊற்ற, டிரம்முக்குள் ஒரு நீலம் எழுகிறது பாருங்கள், மயில் கழுத்தேதான்! அவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அந்த நீலத்தில் கொஞ்ச நேரம் முக்கி வைத்து எடுத்தார். இரும்பில் செம்பு படிந்து சிவப்பாகத் தெரிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிப்போகும். கத்தியை வெயிலில் திருப்பிக் காட்டினார். சிவப்பு மினுக்கியது. இன்னும் இரண்டு குவளை சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி முக்கினார். கத்தி வெறும் கத்தியாக வந்தது.

சின்னவள் மாடிக்கு ஓடி வந்து ‘தடை’யை அடித்தாள். அந்த இடத்தில் எழுதியது: ‘கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் நடுவில் எத்தனை நாள் விட வேண்டும் என்பதை மருந்து டப்பாவில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிடுக’. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன். எந்தப் பயிரில் எந்த மருந்து எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை விவசாயியின் கை தொடும் இடம் அந்த டப்பா ஒன்றுதான். ஒரு கத்தி இவ்வளவையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அந்தக் கடிதம் அடுத்த வாரத்துக்கு.

முதல் கடிதத்துக்கு வென்றது வாழை. வென்ற விதம்தான் அழகு.

வீட்டுக்காரரின் அம்மா, எல்லோருக்கும் அப்பத்தா. அரை ஏக்கர் வாழை வைத்திருக்கிறார். பிள்ளைகள் ஒருநாள் அவரோடு தோப்புக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் சத்துணவு மணி அடித்தது. ஒரு பையன் தட்டில் முட்டை, பக்கத்துப் பையன் தட்டில் வாழைப்பழம். முட்டை சாப்பிடாத குழந்தைகளுக்குப் பழம் கொடுப்பது தமிழ்நாட்டுச் சத்துணவு விதி. முட்டைக்காரப் பையன் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். சுவருக்கு இந்தப் பக்கம் தார் தாராக வாழை! ஒட்டன்சத்திரத்துக்காரி அதே இடத்தில் நோட்டை எடுத்து எழுதினாள்: ‘வாழை விளையும் ஊரில் இரண்டும் ஏன் கிடைக்கக் கூடாது?’

அந்த ஒரு வரி போதும் என்று நான் நினைத்தேன். அவர்கள் நினைக்கவில்லை. “அப்பத்தா, ஒரு தாருக்கு எத்தனை பழம் வரும்?” என்று கேட்டார்கள். “எண்ணிப் பாரேன் தாயி, கண்ணு எதுக்கு இருக்கு?” என்றார் அப்பத்தா. வெட்டிச் சாய்த்த தார் ஒன்றை அவரே முன்னால் இழுத்துப் போட்டு, சீப்பு சீப்பாக விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். ஒன்பது சீப்பு. சீப்புக்கு எத்தனை என்று இரண்டு பேர் எண்ணினார்கள். ஒருத்திக்கு 136, இன்னொருத்திக்கு 138. மறுபடி முதலிலிருந்து. 138. பள்ளியில் பிள்ளைகள் நூறு பேர்கூட இல்லை. ஒரு தார் இருந்தால் பள்ளிக்கூடம் முழுக்க ஆளுக்கு ஒரு பழம், மிச்சமும் உண்டு!

இந்த 138தான் எனக்குத் தலைகால் புரியாமல் செய்தது. கொள்கை என்றால் தலைமைச் செயலகத்தில், கோப்பில், கொட்டை எழுத்தில் இருப்பது என்றுதானே நினைக்கிறோம். சத்துணவு வளர்ந்த கதையைப் பாருங்கள். 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு. 1982 ஜூலை 1, திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அது வாரத்துக்கு ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகி, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. 2022 செப்டம்பர் 15, மதுரையில் காலை உணவு. ஒவ்வொரு படியும் ஒரு முட்டை, ஒரு கரண்டி, ஒரு வேளை. கொள்கை வளர்ந்ததே இவ்வளவு சின்னச் சின்ன அளவில் என்றால், ஒரு வாழைப்பழம் அதற்குள் நுழையாதா? நுழையும் என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, மாடிக்குத் திரும்புவோம். மணி பன்னிரண்டு. 800 சொல் 410 ஆகியிருக்கிறது.

‘இன்றைய காலகட்டத்தில்’ போனது. ‘வளரும் தலைமுறையின் ஆரோக்கியம் நாட்டின் எதிர்காலம்’ போனது. அதை எழுதியவள் ஐந்து நிமிடம் யாரோடும் பேசவில்லை. வாழைப்பழத்தில் உள்ள சத்துகளின் பட்டியல், ஒரு முழுப் பத்தி, போனது. “பழம் நல்லதுன்னு யாருக்குடி தெரியாது?” அப்போது கதவைத் தட்டிக்கொண்டு வீட்டுக்காரர் ஒரு தூக்கு நிறையச் சுக்குக் காப்பியோடு வந்தார். தாளில் அடித்த கோடுகளைப் பார்த்தார். சிரித்தார்.

“கவாத்து முடிஞ்சிருச்சா, பாப்பா?”

அறையே வெடித்துச் சிரித்தது. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உட்கார்ந்து விளக்கினார். கவாத்து பண்ணாத பந்தல் பச்சைப்பசேல் என்று பார்க்க லட்சணமாக இருக்கும், கொத்து இருக்காது. வெட்டுகிற கைக்கு எந்த மொட்டு காய்க்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். “எது காய்க்கிற மொட்டு, அதைச் சொல்லுங்க முதல்ல.” எட்டுப் பேரும் ஒரே குரலில்: “நூத்தி முப்பத்தெட்டு!” அதற்குப் பிறகு வேலை சரசரவென்று நடந்தது. தார்க் கணக்கு முதல் வரிக்கு ஏறியது. இடம் போதாவிட்டால் நாளிதழில் கடைசி வரியிலிருந்துதான் வெட்டுவார்கள், உயிர் முதல் வரியில் இருக்கட்டும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

ஒரு மணிக்கு மேல் வந்தது பெரிய சிக்கல். போடிக்காரிதான் எழுப்பினாள். ஏலக்காய் வியாபாரம் நடக்கும் ஊர்ப் பெண், தரம் என்றால் காது நிமிரும். “பழமா வாங்குனா யாரு பழுக்க வைப்பா? கார்பைடு கல்லு வச்சுட்டா?” எல்லோரும் அமைதியானார்கள். கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயு, 100 பிபிஎம் அளவு வரை, அனுமதி. இதைச் சொல்லாமல் கடிதம் போனால் படிக்கிற முதல் ஆசிரியரே இந்தக் கேள்வியைக் கேட்பார். சொன்னால் பத்துப் பன்னிரண்டு சொல் கூடும். கூட்டினார்கள். அதற்காக ‘நம் பாரம்பரியம்’ பற்றிய வரியைப் பலி கொடுத்தார்கள். தன் கருத்துக்கு எதிராகத் தானே ஒரு கேள்வி கேட்டு, அதற்கு இடம் ஒதுக்குகிற இருபத்தோரு வயதுப் பிள்ளைகளை நள்ளிரவில் நேரில் பார்ப்பது என்ன கொடுப்பினை தெரியுமா!

காப்பி குடிக்கும் இடைவெளியில் நான் இரண்டு கதை சொன்னேன். ஒன்று நம் பக்கத்துக் கதை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்து, இந்தியாவின் பொது நிதியும் வறுமையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். அந்த ஆய்வு ‘யங் இந்தியா’வில் தொடராக வந்தது. பிறகு வாழ்நாள் முழுக்கக் கைக்குத்தல் அரிசிக்காகவும் கிராமத் தொழிலுக்காகவும் எழுதினார். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்தது இதோ, உசிலம்பட்டி தாண்டிப் பேரையூர்ப் பக்கம், தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். “இவ்வளவு பக்கத்துலயா?” என்று ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். இன்னொன்று ஸ்வீடன் கதை. 2018 மே மாதம் ‘ஸ்வென்ஸ்கா டாக்ப்ளாடெட்’ என்ற நாளிதழ் நடத்திய காலநிலைக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவர்களில் ஒருவர் 15 வயதுப் பள்ளி மாணவி. அந்த ஆகஸ்டில் அவர் பள்ளிக்குப் போகாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே அட்டையோடு உட்கார்ந்தார். பெயர் கிரெட்டா துன்பர்க். உலகம் அறிந்தது அட்டையைத்தான். அதற்கு முன்னால் ஒரு செய்தித்தாளுக்கு எழுதிய கட்டுரை இருந்தது என்பது இவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடலைச் சட்டி காலியானதை யாரும் கவனிக்கவில்லை.

காலை ஆறு மணி. 118 சொல்! மைக்கில் பேசித் தட்டச்சு செய்தார்கள். போன் ‘சீப்பு’ என்பதைத் தலைவாரும் சீப்பாகவே எடுத்துக்கொண்டாலும் எழுத்து ஒன்றுதானே, பிழையில்லை. ஆனால் ‘தார்’ என்று சொன்னபோதெல்லாம் ‘தர்’ என்று விழுந்தது, ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். எங்கே அனுப்புவது? தினமலரின் ‘இது உங்கள் இடம்’, இந்து தமிழ் திசையின் ‘இப்படிக்கு இவர்கள்’, தினமணியின் நடுப்பக்கம் என்று ஆளுக்கொரு கனவு. ஒரு கடிதத்தை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். சீட்டுப் போட்டு ஒன்றை எடுத்தார்கள். எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. யூனிகோடில் எழுதி, முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண் சேர்த்து மின்னஞ்சலில் போட்டாயிற்று. நான் பிளஸ் டூ படிக்கையில் கம்பம் தபாலாபீசில் 50 பைசா அஞ்சலட்டை வாங்கி, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதி அனுப்பியது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அன்று மாலையே போய் எட்டு அஞ்சலட்டை வாங்கி வந்தார்கள். விலை இன்னமும் 50 பைசாதான்! மாவட்ட ஆட்சியருக்கும் அதே 118 சொல்லைக் கையால் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

பிறகு காத்திருப்பு. முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் செய்தித்தாளில் வேறு யாரோ குடிநீர்க் குழாய் பற்றி எழுதியிருந்தார்கள், அதையும் வரிவரியாக அலசினார்கள். ஆறாம் நாள் விடியற்காலையில் என் போன் அலறியது. எட்டுக் குரல் ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். வந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. நான் கம்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கியபோது வீட்டுத் திண்ணையில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் கட்டுப் பிரிக்கும்போதே நின்று வாங்கிய ஐந்து பிரதிகள், ஆள் மாற்றி ஆள் கையில்.

118 சொல்லில் 70 அச்சாகியிருந்தது. தலைப்பை அவர்கள் மாற்றியிருந்தார்கள், எங்கள் தலைப்பைவிட நன்றாகவே இருந்தது. கார்பைடு வரி பிழைத்துவிட்டது. போடிக்காரி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கடைசி இரண்டு வரி காணோம். முதல் வரி முழுசாக இருந்தது.

அப்பத்தா உள்ளேயிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். “எம் பேரு போட்டிருக்காகளா?” என்றார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ‘ஒரு விவசாயியின் தோட்டத்தில்’ என்றுதான் எழுதியிருந்தோம். சின்னவள் மெதுவாகச் சொன்னாள், பேர் இல்லை அப்பத்தா. அவர் பத்திரிகையைக் கையில் வாங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கி, வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இந்தா இருக்குல்ல, என்னோட ஒம்பது.”